செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: காரின் இம்மொபிலைசரைச் சோதிப்பது எப்படி

நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிய கார். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. எட்டிப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் "இசிஎம் போயிருக்கும்" என்றுதான் சொல்வார்; இசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி. அந்தப் பேச்சை நம்பிப் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் பல உண்டு. அவற்றுக்கு ஒரு மல்டிமீட்டர், 10 எம்.எம். ஸ்பேனர், வண்டியோடு கொடுத்த இரண்டாவது சாவி ஆகிய மூன்றும் போதும்.

இம்மொபிலைசர் என்பது சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. அதன் மாட்யூல், அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டி, தானாகப் பழுதாவது அபூர்வம். அதற்குப் போக வேண்டிய மின்சாரமோ, சாவியிலிருந்து வர வேண்டிய பதிலோ சரியாக வராததால் அது வண்டியைத் திறந்துவிட மறுப்பதுதான் வழக்கமாக நடப்பது. அதனால் சோதனையும் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் பேட்டரி, அடுத்து சாவி, அதன்பின் ஃபியூஸ், வயரிங், கடைசியில்தான் மாட்யூலும் இசிஎம்மும்.

உள்ளே என்ன நடக்கிறது

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் லாக்கைச் சுற்றி ஒரு வளையம், அதாவது ஆன்டெனா காயில், இருக்கும். சாவியை ஆன் செய்ததும் அந்தக் காயில் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. சில வண்டிகளில் 134.2 கிலோஹெர்ட்ஸ். அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. பதில் சரியாக இருந்தால் இம்மொபிலைசர் மாட்யூல் இசிஎம்முக்கு "விடலாம்" என்று சேதி அனுப்பும். இல்லாவிட்டால் இசிஎம், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திறக்காது. சில வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பையும், இன்னும் சிலவற்றில் செல்ஃபையும் சேர்த்தே நிறுத்திவிடும். இவ்வளவும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, கதவைத் திறக்கும் ரிமோட் வேறு, இந்தச் சிப் வேறு. ரிமோட் 433 மெகாஹெர்ட்ஸில் தன் சொந்த பேட்டரியில் வேலை செய்கிறது. ரிமோட் வேலை செய்வதால் சிப்பும் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ரிமோட் பேட்டரி செத்துப்போனாலும் சாவி போட்டுத் திருப்பும் வண்டி ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். இரண்டு, ஸ்டார்ட் ஆன முதல் ஓரிரு விநாடியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைக் கம்பெனி இம்மொபிலைசர் நிறுத்துவதில்லை; அப்படி நிறுத்தக் கூடாது என்றே அதை வடிவமைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது வண்டி நின்றுவிட்டது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

முதலில் காதும் கண்ணும்

சாவியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

செல்ஃப் வேகமாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவேயில்லை, சாவி விளக்கு சிமிட்டுகிறது என்றால் இம்மொபிலைசர் மீது சந்தேகப்படுவது நியாயம். ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு விநாடியில் செத்துப்போகிறது, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி என்றாலும் அதேதான். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் இம்மொபிலைசர் தடுக்கும் விதமே இப்படித்தான். செல்ஃப் "கடகட" என்று மட்டும் அடித்துவிட்டு நிற்கிறது, விளக்குகள் மங்குகின்றன என்றால் அது பேட்டரி. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, சாவி விளக்கோ ஒழுங்காக அணைந்துவிட்டது என்றால் பெட்ரோல் பம்ப், கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதை இசிஎம்முக்குச் சொல்வது), வெளியில் போட்ட அலாரம் ஆகியவற்றின் பக்கம் போங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கொஞ்சமாவது துடித்தால் கிராங்க் சென்சார் சிக்னல் கொடுக்கிறது. முள் அசையவே இல்லை என்றால் கிராங்க் சென்சாரையும் சந்தேகிக்கலாம், ஆனால் எல்லா மீட்டரும் அந்தக் குறைந்த வேகத்தைக் காட்டாது என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று விநாடி "ம்ம்ம்" என்ற சத்தம் வந்தால் பெட்ரோல் பம்ப் உயிரோடு இருக்கிறது.

விளக்கைப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டி பூட்டி நிற்கும்போது சிவப்பு விளக்கு மெதுவாக மின்னிக்கொண்டிருப்பது பழுது அல்ல, பாதுகாப்பு விழித்திருக்கிறது என்பதற்கான அடையாளம். டொயோட்டாவில் அது சாவியை ஆன் செய்ததும் அணைந்துவிட வேண்டும். மாருதியில் ஆன் செய்தபின் இம்மொபிலைசர் விளக்கு சிமிட்டினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஒரு முறை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டும். ஹோண்டாவில் பச்சை நிறச் சாவி விளக்கு சிமிட்டும். ஹூண்டாயில் சாவிப் படம் சில விநாடி எரிந்து அணைந்தால் சரி, சிமிட்டினால் சாவியைப் படிக்கவில்லை. ஃபோர்டு ஃபிகோ, எக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் திருட்டுத் தடுப்பு விளக்கு வேகமாகத் துடித்தால் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்: துடிப்பு நின்றபின் அது இரண்டிலக்கக் குறியீட்டை மெதுவாக மினுக்கிக் காட்டும். அதை எழுதி வைத்துக்கொண்டால் மெக்கானிக்குக் கால்வாசி வேலை மிச்சம்.

பேட்டரி

இதைத் தாண்டி யாரும் நேராக இம்மொபிலைசருக்குப் போகக் கூடாது. செல்ஃப் இழுக்கும் மின்சாரத்தில் பேட்டரியின் வோல்டேஜ் தடாலென்று இறங்கினால், மாட்யூலும் இசிஎம்மும் சாவியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்து எழுகின்றன. பேச்சு பாதியில் அறுந்துபோவதால் சாவி விளக்கு சிமிட்டும். பார்க்கிறவருக்கு அது சாவிக் கோளாறாகத் தெரியும்.

வண்டி சில மணி நேரம் நின்றபின் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் சார்ஜ் ஏற்றுங்கள். அடுத்து இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள்: 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நின்றபோது 12.6 காட்டிவிட்டு செல்ஃப் அடிக்கும்போது 8-க்கு விழுகிற பேட்டரி செத்த பேட்டரிதான். நம் வெயிலில் மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரி என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் அறவே மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் விட்டுக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தி மாட்டுங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவலாம். கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது அதைக் கடைசியில். கையால் திருகிப் பார்த்து அசைகிற டெர்மினல் ஒன்றே போதும், இத்தனை தலைவலியையும் கொண்டுவர.

எர்த் வயரையும் விட்டுவிடாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெற்று உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ் வேலை, கிளட்ச் வேலை முடிந்து வந்த வண்டிகளில் அந்த எர்த் போல்ட்டை இறுக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது வரிசை முக்கியம். சிவப்பு கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கருப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனையைச் செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில். பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்தால் மெயின் ஃபியூஸ் போவதோடு நிற்காமல், விளக்கு, கதவு லாக் போன்றவற்றைக் கவனிக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூலும் கூடவே போகலாம். அப்போதுதான் நிஜமான இம்மொபிலைசர் பழுது ஆரம்பமாகும்.

இன்னொன்று. இம்மொபிலைசர் தடுத்து நிற்கும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. இன்ஜெக்டரே திறக்காதபோது எத்தனை பேர் தள்ளினாலும் பலனில்லை. பேட்டரி மட்டும் பலவீனமாக இருக்கும் மேனுவல் கியர் வண்டிக்குத்தான் அது பொருந்தும்.

சாவி

பேட்டரி சரி என்று தெரிந்தபின் இரண்டாவது சாவியை எடுங்கள். வீட்டு பீரோவில் இருக்கும் அந்த ஸ்பேர் சாவிதான் இந்தச் சோதனை முழுவதிலும் மிகப் பெரிய கருவி. முதல் சாவியை வண்டிக்கு வெளியே, குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு ஸ்பேரை மட்டும் போட்டுத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆனால் வண்டியில் குறையில்லை, முதல் சாவியின் சிப்தான் போயிருக்கிறது. இரண்டு சாவிக்கும் ஒரே மாதிரி மறுத்தால் கோளாறு வண்டிப் பக்கம்.

ஸ்பேர் கையில் இல்லாவிட்டால் சாவிக்கொத்தைப் பிரியுங்கள். கார் சாவியைத் தனியாக எடுத்து மட்டும் போடுங்கள். இன்னொரு காரின் சிப் சாவி, சிப் வைத்த பைக் சாவி, கனமான உலோக வளையம், ஆபீஸ் கதவு கார்டு ஆகியவை பக்கத்தில் தொங்கினால் காயிலின் புலத்தைக் கலைத்துவிடும். இரண்டு கார் வைத்திருக்கும் வீட்டில் இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைப்பது வம்பு. இக்னிஷன் அருகே சொருகியிருக்கும் மலிவான மொபைல் சார்ஜரையும் பிடுங்கிவிட்டு ஒரு முறை முயலுங்கள்.

சாவியின் ஓடு உடைந்து, கடையில் புது ஓடு மாற்றியது சமீபத்திலா? அப்படியானால் நின்று யோசியுங்கள். பல சாவிகளில் சிப் என்பது அரிசி மணியைவிடச் சற்றே பெரிய ஒரு கருப்புத் துண்டு, அல்லது மெல்லிய கண்ணாடிக் குழல். அது ரிமோட்டின் சர்க்யூட் போர்டோடு ஒட்டியிருக்காது, ஓட்டின் ஒரு குழியில் தனியே உட்கார்ந்திருக்கும். ஓடு மாற்றுகிறவர் பிளேடையும் போர்டையும் மட்டும் எடுத்துப் புதியதில் போட்டுவிட்டுப் பழைய ஓட்டைக் குப்பையில் எறிந்தால், சிப்பும் அதோடு போயிற்று. கதவு திறக்கும், ரிமோட் வேலை செய்யும், லாக் திரும்பும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. பழைய ஓடு கிடைத்தால் அதை இக்னிஷன் லாக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு புதிய சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனால் சிப் அந்த ஓட்டுக்குள்தான் இருக்கிறது. எடுத்துப் புதியதில் வைத்து, ஆடாமல் இருக்கத் துளி பசை விட்டால் போதும். ஓடு மாற்றக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பழைய ஓட்டைக் கையோடு வாங்கி வாருங்கள்.

தெருமுனையில் வெட்டித் தரும் சாதா டூப்ளிகேட் சாவியில் சிப்பே கிடையாது. கதவைத் திறக்க மட்டும்தான் அது.

சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குப் போய்வந்த சாவி என்றால், பேட்டரியைக் கழற்றி, ஓட்டைத் திறந்து, போர்டை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் மென்மையான பிரஷ் கொண்டு துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு பட்டனை அமுக்கிப் பார்ப்பதுதான் போர்டைக் கெடுக்கும்.

பிளேடு தேய்ந்து லாக் முழுமையாக ஆன் நிலைக்குத் திரும்பாமல் நிற்பதும் உண்டு. சாவி திரும்பவே மறுத்தால் அது இம்மொபிலைசர் அல்ல, ஸ்டீயரிங் லாக். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். பலம் கொடுத்தால் பிளேடு லாக்குக்குள் முறிந்துவிடும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில்

இங்கே ஃபோப்பின், அதாவது பையில் வைத்திருக்கும் ரிமோட் சாவியின், பேட்டரி உண்மையிலேயே முக்கியம். பெரும்பாலும் சி.ஆர். 2032, சிலவற்றில் சி.ஆர். 1620 அல்லது 2025. மூன்று வோல்ட். பழையதில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள், பருமன் மாறினால் தொடுமுனை சரியாகப் படாது. மாற்றும்போது பேட்டரியின் இரு பக்கத்தையும் விரலால் தொட்டுப் பிசுக்காக்க வேண்டாம்.

பேட்டரி முழுவதும் செத்திருந்தாலும் வழி இருக்கிறது. ஃபோப்புக்குள்ளும் அதே பேட்டரி தேவையில்லாத சிப் உண்டு. பல ஹூண்டாய் மாடல்களில் ஃபோப்பாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். டொயோட்டாவில் பிரேக்கை மிதித்தபடி லோகோ இருக்கும் பக்கத்தைப் பட்டனில் தொட்டுக் காட்டிவிட்டுப் பட்டனை அழுத்த வேண்டும். வேறு சில வண்டிகளில் கன்சோலில் ஃபோப்பை வைக்க ஒரு குறிப்பிட்ட இடம் இருக்கும்; உங்கள் வண்டியில் அது எங்கே என்பதை மேனுவலில் இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபோப்பை டாஷ்போர்டின் மேலும், கிளவ் பாக்ஸிலும், கதவுப் பாக்கெட்டிலும் வைத்தால் உள்ளே இருக்கும் ஆன்டெனாவுக்கு எட்டாமல் போகலாம். மொபைல் போனோடு ஒட்டி வைத்தாலும் அப்படியே. செல்போன் டவர், விமான நிலையம் போன்ற இடங்களுக்கு அருகே மட்டும் தகராறு செய்கிறது என்றால் அது ரேடியோ இடைஞ்சல், ஃபோப்பைப் பட்டனுக்கு அருகே கொண்டுபோனால் சரியாகும்.

சாவி விளக்கும் சரி, ஃபோப்பும் சரி, பட்டனை அழுத்தினால் செல்ஃப் மட்டும் வரவில்லை என்றால் பின்னால் போய் பிரேக் லைட்டைப் பாருங்கள். பிரேக்கை மிதித்தும் எரியவில்லையா? பிரேக் சுவிட்ச் அல்லது அதன் ஃபியூஸ் போயிருக்கிறது. பிரேக் மிதித்திருப்பதே வண்டிக்குத் தெரியாததால் அது ஸ்டார்ட் செய்ய மறுக்கிறது. மேனுவல் கியரில் கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்கில் கியர் லீவர் பார்க் அல்லது நியூட்ரலில் இருப்பதைச் சொல்லும் சுவிட்ச் இதே வேலையைச் செய்யும். லீவரைப் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி முயன்று பாருங்கள். சில நூறு ரூபாய் சுவிட்ச்சுக்காக மாட்யூலையே மாற்றிய வண்டிகள் உண்டு.

ஃபியூஸ், வயர், எலி, வெள்ளம்

ஃபியூஸ் பெட்டி இரண்டு இடத்தில் இருக்கும்: டாஷ்போர்டுக்கு அடியில் ஒன்று, இன்ஜின் பக்கத்தில் ஒன்று. மூடியின் உள்பக்கம் வரைபடம் இருக்கும். அதில் இம்மொபிலைசர், பிசிஎம் (BCM, பாடி கன்ட்ரோல் மாட்யூல்), இசிஎம், இக்னிஷன், மீட்டர் என்று குறித்தவற்றைப் பாருங்கள். ரூம் விளக்கு ஃபியூஸிலிருந்தே பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்கு மின்சாரம் போகும் வண்டிகளும் உண்டு, அதனால் ரூம் விளக்கும் சேர்ந்து எரியவில்லை என்றால் அது நல்ல தடயம். ஃபியூஸைப் பிடுங்காமலே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மல்டிமீட்டரை வைக்கலாம். சாவி ஆன் நிலையில் இரண்டிலும் 12 வோல்ட் வர வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. மாட்யூலுக்குப் போகும் மெல்லிய வயர்களைப் பழைய பல்பு டெஸ்டரால் குத்திப் பார்க்காதீர்கள். பல்பு இழுக்கும் கரண்ட் மாட்யூலின் உள்சர்க்யூட்டைச் சாகடிக்கும்.

ஃபியூஸின் நிறம் பழுப்பு என்றால் 7.5 ஆம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. போனதை அதே அளவால்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸோ கம்பியோ போட்டால் வயரிங் உருகி வண்டியே தீப்பிடிக்கும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி, தென்னந்தோப்பிலோ குடோன் பக்கத்திலோ நிறுத்தும் வண்டி என்றால் எலியைச் சந்தேகியுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு மேல், பேட்டரிக்குப் பின்னால், டாஷ்போர்டுக்கு அடியில் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கை, கொறித்த பஞ்சு, வயரின் வெற்றுச் செம்பு தெரிந்தால் போதும். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது சில மாதம்தான் தாங்கும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழல்) போட்டால்தான் வேலை.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்களில் இந்தக் கோளாறு பல மாதம் கழித்துத் தலைகாட்டுவதுண்டு. பாடி கன்ட்ரோல் மாட்யூல் பல வண்டிகளில் டிரைவர் காலடிப் பக்கம், தாழ்வாக இருக்கிறது. அதன் கனெக்டர் பின்களில் பச்சைப் பூஞ்சை போல் அரிப்பு படியும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கனெக்டரைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு மாட்டுங்கள். தண்ணீர் ஏறிய வண்டியில் ஒரு முறையாவது சாவியைத் திருப்பிப் பார்க்கலாம் என்ற ஆசை வரும். அதை அடக்குங்கள், இன்ஜினுக்குள் நீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆன்டெனா வளையத்தைச் சோதிக்க ஸ்டீயரிங் தண்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டும். வளையத்தின் கனெக்டரைப் பிரித்து ஓம் அளவைப் பாருங்கள். வண்டிக்கு வண்டி அளவு மாறும், ஆனால் முழுத் திறப்பு (மீட்டரில் OL) காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. சாவியைத் திருப்பும்போது வளையத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் வளையம் இடம் பெயர்ந்திருக்கிறது, அல்லது அதன் வயர் உடைந்திருக்கிறது. இந்த வளையம் இருக்கும் இடத்தில் ஏர்பேக் வயரிங்கும் ஓடும். மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும் தொட வேண்டாம்.

வெளியில் போட்ட அலாரமும் ஜிபிஎஸ்ஸும்

நம் ஊர் வண்டிகளில் "இம்மொபிலைசர் கோளாறு" என்று வருவதில் கணிசமானவை உண்மையில் இங்கேதான் முடிகின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்கிய காராக இருந்தால் முந்தைய உரிமையாளர் என்ன போட்டார் என்பதே உங்களுக்குத் தெரியாது.

அடையாளம் எளிது. கம்பெனி சாவி விளக்கு ஒழுங்காக அணைகிறது, ஆனாலும் செல்ஃப் வரவில்லை அல்லது பம்ப் சத்தம் இல்லை. டாஷ்போர்டில் ஒட்டவைத்த சின்ன நீல அல்லது சிவப்பு எல்இடி, பானெட்டுக்குள் தனி சைரன், ஸ்டீயரிங்குக்கு அடியில் கருப்பு டேப் சுற்றிய இணைப்புகள் ஆகியவற்றைத் தேடுங்கள். அந்த வயர்களின் முடிவில் ஒரு சதுர ரிலே இருக்கும். 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர், கால்களில் 30, 85, 86, 87, 87ஏ என்ற எண்கள். இக்னிஷன், செல்ஃப் அல்லது பெட்ரோல் பம்ப் வயரை வெட்டி அதன் வழியே திருப்பியிருப்பார்கள். 30-க்கும் 87ஏ-க்கும் இடையில் இணைத்திருந்தால், கருவி செத்தாலும் வண்டி ஓடும். 30-க்கும் 87-க்கும் இணைத்திருந்தால் கருவி செத்த அன்று வண்டியும் நின்றுவிடும். உள்ளே தொடுமுனை கருகியிருந்தால் வண்டி சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும். ஓடும்போது நிற்கும் வண்டியில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

ஜிபிஎஸ் டிராக்கரில் இன்ஜினை நிறுத்தும் வசதி இருந்தால் முதலில் செயலியைத் திறந்து அந்த நிலையைப் பாருங்கள். குழந்தையின் விரல் பட்டே நின்றிருக்கலாம். டிராக்கரின் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்திருந்தால் நீங்கள் அனுப்பும் "திற" என்ற கட்டளை வண்டிக்குப் போகாது. நிறுத்திய நிலையிலேயே கிடக்கும். ரீசார்ஜ் செய்தபின் கட்டளையை மறுபடி அனுப்புங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் நிதி நிறுவனம் கருவி பொருத்தியிருக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

வெளியில் போட்ட அலாரம் தகராறு செய்தால் அதை முழுவதும் கழற்றி, வெட்டிய கம்பெனி வயரைச் சால்டர் வைத்து மறுபடி சேர்க்கச் சொல்லுங்கள். பெட்டியை மட்டும் பிடுங்கி வயரைத் தொங்கவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம்.

ஸ்கேனர் சொல்வது

டாஷ்போர்டுக்கு அடியில், கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்ட 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். மலிவான புளூடூத் ஸ்கேனர் இன்ஜினின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும். பாடி கன்ட்ரோல் மாட்யூலைப் பெரும்பாலும் படிக்காது. ஸ்கேனருக்கே உயிர் வரவில்லை என்றால் சிகரெட் லைட்டர் ஃபியூஸைப் பாருங்கள், பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்.

பி0513 என்றால் சாவி பொருந்தவில்லை. பி0633 என்றால் இசிஎம்மில் சாவி பதிவாகவில்லை. யு0167 என்றால் இம்மொபிலைசர் மாட்யூலோடு பேச்சு அறுந்திருக்கிறது. ஃபியூஸ், எர்த், வயர் என்று போங்கள். ஹூண்டாய், கியாவில் பி1691 ஆன்டெனா காயிலையும், பி1693 சாவிச் சிப்பையும், பி1690 காயிலுக்கும் இசிஎம்முக்கும் இடையிலிருக்கும் ஸ்மார்ட்ரா பெட்டியையும் காட்டும். பி0335 வந்தால் கிராங்க் சென்சார். குறியீடுகளை அழிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

செய்யக் கூடாதவை

விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு முறைக்குப் பத்து விநாடி, நடுவே அரை நிமிடம் ஓய்வு. சாவியை ஆன் நிலையில் 10 நிமிடம் வைத்தால் சரியாகும் என்று சொல்லும் வீடியோக்கள் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் பாஸ்லாக் என்ற பழைய முறைக்கானவை. அதில் சாவிச் சிப்பே கிடையாது. உங்கள் வண்டியில் அதனால் பேட்டரிதான் இறங்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டுவது தொங்கிப்போன மாட்யூலைச் சில சமயம் எழுப்பும், சாவிப் பதிவை அழிக்காது; ஆனால் அறுந்த காயிலையோ செத்த சிப்பையோ அது சரிசெய்யாது.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இசிஎம் வாங்கி மாட்டினால் அது வேறொரு வண்டியின் சாவிகளை நினைவில் வைத்திருக்கும். உங்கள் மாட்யூலோடு சேர்த்துப் பதியும்வரை ஸ்டார்ட் ஆகாது. சாவி பதியக் கேட்கும் ரகசிய எண்ணை (PIN) தப்பாகப் போட்டு முயன்றால் பல வண்டிகள் தங்களைப் பூட்டிக்கொள்ளும். ஹூண்டாயில் மூன்று தப்புக்குப் பின் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"இம்மோ ஆஃப்" செய்து தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 2021 வரை வந்த பல கியா, ஹூண்டாய் கார்களில் இம்மொபிலைசர் இல்லை. வீடியோ பார்த்துக் கற்ற சிறுவர்களே அவற்றைக் கூட்டம் கூட்டமாகத் திருடினார்கள். 2007 முதல் இம்மொபிலைசர் கட்டாயமான கனடாவில் அந்த வழி எடுபடவில்லை. ஒரு சாவிச் செலவை மிச்சம்பிடிக்க அந்தப் பாதுகாப்பைக் கழற்றுவது தகாது.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது

சாவி போடும் வண்டியில் சிப் வேலை செய்யாவிட்டாலும் பிளேடு திரும்பும், ஸ்டீயரிங் திறக்கும், வண்டியை ஓரமாகத் தள்ளலாம். ஆட்டோமேட்டிக் என்றால் நான்கு சக்கரமும் தரையில் படாத ஃப்ளாட் பெட் லாரியைக் கேளுங்கள்.

இரண்டு சாவியையும், ஆர்சி, அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள். புதுச் சாவி பதியும்போது பல வண்டிகளில் அந்த நேரத்தில் கையில் இல்லாத பழைய சாவியின் பதிவு அழிந்துவிடும். இருக்கும் சாவியை வீட்டில் விட்டுப்போனால் திரும்பி வந்தபின் அதுவும் வேலை செய்யாது. அதையே உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: சாவி தொலைந்திருந்தால் அதன் பதிவை அழிக்கச் சொல்லிக் கேட்டு, ஸ்கேனர் காட்டும் சாவி எண்ணிக்கையை நேரில் பாருங்கள்.

வாங்கும்போது சாவியோடு கம்பியில் கோத்துத் தந்த சின்ன எண் தகட்டைப் பத்திரப்படுத்துங்கள். எல்லாச் சாவியும் தொலைந்தால் பிளேடு வெட்ட அந்த எண் வேண்டும். தொலைந்ததும் போலீஸில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் கம்பெனி கம்பெனிச் சாவிகள் இரண்டையும் கேட்கும். ஒன்று குறைந்தால் அந்த ரசீதுதான் உங்கள் பதில்.